டான் கருங்காலோவின் அருவி

1953 செப். 8, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: நம் வீட்டுக் கறுத்த பெட்டைக்கோழி இன்று முட்டையிட மறுத்துவிட்டது. வீடு துக்கத்தில். வெளியே சாரல்.

இன்னொரு சேதி. எங்கள் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகைக் கச்சேரிக்குத் தங்கராஜ் அண்ணன் பெயரைக் கொடுக்கப் போனேன். கொழும்பில் வேலை போய், ஒரு கிட்டாரோடு ஊர் திரும்பியவன். திற்பரப்பு அருவியைப் பற்றி அவனே கட்டிய மெட்டு ஒன்று உண்டு. கேட்டால் முதுகு நனையும். அப்பாவுக்கு மட்டும் நனையாது. "கம்பிய நோண்டிக்கிட்டுக் கெடக்கான்" என்பார்.

பாட்டு மாஸ்டர் (இனி பா.மா.) கண்ணாடியை இறக்கினார். "சினிமா மெட்டு கூடாது. சொந்தச் சரக்கும் கூடாது. பெரிய மேதைகள் எழுதினது மட்டும். கிட்டாருக்கு அப்பிடி எவன்லே எழுதியிருக்கான்?"

அண்ணனிடம் கேட்டேன். ஸ்பெயினில் உண்டாம். கொழும்பில் ஒரு பறங்கியர் வாசிக்கக் கேட்டிருக்கிறான். பெயர் ஒன்றும் நினைவில்லை. எழுதியவர்களில் ஒருவருக்குக் கண்ணும் தெரியாது, கிட்டார் வாசிக்கவும் தெரியாது, ஆனாலும் கிட்டாருக்கு எழுதினாராம். எனக்கும் வாசிக்கத் தெரியாது. ஆக, பாதி மேதை.

செப். 9

மேதையைப் பெற்றெடுத்தேன். தெருமுனையில் பஸ். அதன் நெற்றியில் போகும் ஊர்: 'கருங்கல்'. நடுவில் 'க'வை நீட்டி, பின்னால் ஓர் 'ஓ' ஒட்டினேன். டான் கருங்காலோ! மெட்டுக்குப் பெயர் லா திற்பராப்பா.

அண்ணன் சிரித்துப் புரண்டான். "செரிலே மக்கா, எழுதிக் குடு. நாலு பேரு மெட்டக் கேட்டாப் போதும்."

பா.மா. சீட்டைப் படித்தார். "கருங்காலோவா? ரேடியோவில கேட்டிருக்கேனே. ஆளு புலியாக்கும்."

சிரிப்பை அடக்கி, மதில் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டம். மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன். ஏச்சு.

செப். 13, ஞாயிறு

பள்ளிக்கூட ஹாலில் கச்சேரி. அண்ணன் வாசித்து முடித்தான். அப்புறம் கைதட்டு, கூரை ஓடு நகரும்படி.

அப்பா அழுதார். நிஜமாகவே. அண்ணன் போய்ப் பக்கத்தில் நின்றான். அப்பா துண்டால் மூக்கைத் துடைத்தபடி, "அந்த ஸ்பெயின்காரன் மனுசன்லே. நீயுந்தான் இருக்கியே, என்னத்த உண்டாக்குன?" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் என் கால் பெருவிரலைப் பார்த்தேன்.

இப்போது சொன்னால் சபை முன்னால் அண்ணன் பொய்யன். சொல்லாவிட்டால் ஒன்றுக்கும் ஆகாதவன். இரண்டு பக்கமும் சுவர். கொத்தன் நான்.

செப். 17

வெயில். கணக்குப் பரீட்சை (பேசாமல் விடுவோம்).

பா.மா. வழியில் அண்ணனை நிறுத்தினார். "தங்கராஜு, கருங்காலோவுக்க வேற உருப்படி தெரியுமா? கிறிஸ்துமஸுக்குப் போடலாம்."

நான் இருமினேன். அண்ணன், "உண்டு சார்" என்றான்.

செப். 20, ஞாயிறு

இன்று ஆராதனை முடிவில் எழுந்து நின்றேன். "அந்த மெட்டு எங்க அண்ணனுக்கது!" என்று முழங்கினேன். பா.மா. முகம் அவிச்ச மரச்சீனிக் கிழங்கு. அப்பா அண்ணனைக் கட்டிக்கொண்டார். சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

செப். 21

மறுபடி சாரல். சாயங்காலம் அண்ணன் புது மெட்டை வாசித்துக் காட்டினான். முந்தியதைவிட நன்று. நன்றாக இருப்பதுதான் தாங்கவில்லை. காகிதத்தை நீட்டினான்.

"தலைப்பு நீ வையி. கீழ அவருக்க பேரையே எழுது."

"உனக்க பேரப் போடட்டா அண்ணே?"

"வேண்டாம்லே. எனக்க பேருன்னா அப்பா கேக்க வரமாட்டாரு."

எழுதிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

நேற்று எழுதியதில் எழுந்து நின்றது வரை உண்மை. போதகர் "என்ன தம்பி?" என்றார். சபை முழுக்கத் திரும்பியது. "பாட்டு நம்பர் என்ன?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.