தங்கை கேட்ட மழிதகடு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்காலும் என் தொண்டையும் வழக்கமான முணுமுணுப்போடு நலமாக உள்ளன. உன் உடலும் உள்ளமும் நலமென்னும் விடை வரும்வரை எங்கள் நலம் பாதியே.

செய்தி உன் தங்கையைப் பற்றியது. பள்ளிப் பேச்சுப் போட்டிக்குக் கொடுத்த பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். மேலுதட்டில் படர்ந்த கருமையைக் கண்டு வகுப்பில் ஒருத்தி "மீசை மாமா" என்று பெயர் சூட்டியிருக்கிறாள். கொளுத்தும் வெயிலிலும் இவள் முழுக்கைச் சட்டை அணிவது ஏனென்று எனக்கு அன்றுதான் விளங்கியது. அப்பா, எனக்கு ஒரு ரேசர் வாங்கித் தாங்க என்று கேட்டாள். நான் எதைத் தந்திருப்பேன் என்பதை நீ அறிவாய். முடி இயற்கையின் கொடை, மானம் மனத்தின் உடைமை எனத் தொடங்கி, விலங்கொடித்த பெண்களின் வீரம்வரை முழங்கி, மூச்சு வாங்க நிறுத்தினேன். பொறுமையாகக் கேட்டிருந்தவள், முடிஞ்சிடுச்சாப்பா, கை தட்டணுமா என்றாள். மேடையில் கல்லெறிக்கும் அஞ்சாதவன், அந்தக் கேள்விக்கு அஞ்சி அடுக்களைப் பக்கம் நழுவிவிட்டேன். பிறகு உன் அம்மா அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். குருதி ஆய்வில் குறையில்லை, குடும்ப வாகுதான் என்றார் அவ்வம்மையார். மழித்தால் அடர்ந்து வளரும் என்பது வெறும் பேச்சு, நீக்குவதும் விடுவதும் பிள்ளையின் விருப்பம் என்றும் சொன்னார். உன் சித்தப்பாவோ வழுக்கையைத் தடவியபடி, எனக்கு வரவேண்டிய பார்சல், விலாசம் மாறிப்போச்சு என்றார். சின்னவள் காதில் விழுமுன் அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன்.

நேற்று மாலை அம்மா நுரை தடவி மேலுதட்டை மழித்துவிட்டாள். கண்ணாடி பிடிக்க என்னை அழைத்தாள் உன் தங்கை. பிடித்தேன், ஒரு சொல்லும் சொல்லவில்லை. உன் அம்மா நம்பாமல் இருமுறை திரும்பிப் பார்த்தாள். அடுத்துக் கைமுடியை மழிக்கப் போனபோது, இது இருக்கட்டும்மா, இது என்னை ஒண்ணும் பண்ணல என்று தடுத்துவிட்டாள். இன்று அரைக்கைச் சட்டையோடு போய்ப் போட்டிக்கு மீண்டும் பெயர் கொடுத்துவந்தாள். ஆயினும் பட்டப்பெயர் வைத்த அந்தப் பெண் முன்வரிசையில் இருப்பாளே என்ற கலக்கம் அவள் முகத்தைவிட்டு அகலவில்லை. இதே வயதில் நீ கதவைத் தாழிட்டு மழித்துக்கொண்டதையும், உதட்டுக் கீறலுக்குப் பூனைமேல் பழி போட்டதையும் அம்மா இப்போதுதான் சொன்னாள். அதைத் தங்கையிடம் நீயே சொல், மகளே. அப்பனின் முழக்கம் எட்டாத இடத்துக்கு அக்காவின் பூனைக்கதை எட்டும்.

வேளைக்கு உண்டு, வேண்டுமட்டும் உறங்கி, நீடு வாழ்க. வெள்ளிக்கிழமை போட்டி; அதற்குள் அவளோடு பேச மறவாதே. எனக்குக் கடைசி வரிசையில்தான் இடமாம். அவள் பேசும்போது என் உதடு அசையக் கூடாது என்பது ஆணை.

அதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா