அப்பா குடித்த போரான்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். ‘இருவரும்’ என்பதை வேண்டுமானால் இன்னொரு முறை படித்துக்கொள். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். முழங்கால் வலி என்று அப்பா புலம்பியபோது நீ, “போரான்னு ஒரு சத்து இருக்குப்பா, துளியூண்டு போதும், எலும்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க, உலர்திராட்சை, கடலை, ஆப்பிள் சாப்பிடுங்க” என்றாய் அல்லவா, அவர் காதில் போரான் மட்டும்தான் விழுந்தது, ஆப்பிள் விழவில்லை. மறுநாள் பக்கத்துக் கடைத் தையல்காரரோடு கேரம் ஆடும்போது பவுடர் டப்பாவைத் திருப்பிப் பார்த்திருக்கிறார், ‘போரிக்’ என்று போட்டிருக்கிறது, நீ சொன்ன போரான் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். “வீட்டுலயே டப்பா டப்பாவா இருக்கு, பொண்ணு போய் ஆப்பிள் வாங்கச் சொல்றா” என்றிருக்கிறார். தையல்காரர் வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிட்டார். இவரோ நான் மாடியில் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து ஒரு ஸ்பூன் பவுடரைப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். நான் போட்ட சத்தத்தில் தையல்காரர்தான் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வண்டி பிடித்து வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, அந்த நிலையிலும் இவர் பெரிய மனுஷர் மாதிரி “போரான்” என்கிறார். “பலகையில தூவுறத வயித்துல தூவலாமாங்க?” என்று டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். சலைன் ஏற்றி, ரத்தம் எடுத்துப் பார்த்து, சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்.

“ஊருக்கெல்லாம் பத்தியம் சொல்ற நான் சொந்த அப்பாவைச் சாகக் கொடுக்கப் பார்த்தேனே” என்று அழுதாய். நான் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். “உங்க பொண்ணு சொன்னது சரிதாம்மா, பழத்துலயும் பருப்புலயும் இருக்குறதே உடம்புக்குப் போதும், ஆனா முழங்கால் வலி அதுல போயிடும்னு யாரும் நிரூபிக்கல” என்றார். இப்போது உன் அப்பா ஒழுங்காகத் திராட்சை மெல்லுகிறார், வராந்தாவில் நடக்கிறார், டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி காலை நீட்டி மடக்குகிறார். வலி அப்படியேதான் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் முகத்தில் களை வந்துவிட்டது, நேற்று சாப்பாட்டில் உப்பில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒன்றுதான் மனதை உறுத்துகிறது. அன்று போனில் “அறிவிருக்காப்பா உங்களுக்கு?” என்று கத்தினாய் பார், அதிலிருந்து மணி அடித்தால் குளியலறைக்குள் போய்விடுகிறார். “படிச்ச பொண்ணுக்குத் தலைகுனிவா ஆயிட்டேன், எந்த முகத்தோட பேசுறது?” என்கிறார். நீ அவருக்குக் கோபம் என்று நினைத்து என்னிடம் மட்டும் பேசிவிட்டு வைக்கிறாய். இரண்டு பேரும் ஒரே அச்சு, நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, நான் அந்த நேரம் மாடியில் இருப்பேன், அவர்தான் எடுத்தாக வேண்டும். எவ்வளவு நேரம் மணி அடித்தாலும் வைத்துவிடாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா