அவர் தூங்கவில்லை

புதுச்சேரி,
12.6.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

"மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு பாப்பா" என்று போனில் சொன்னீர்கள். வழக்கம்போல உங்களை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நர்ஸாக நான் நிற்கும் ஆபரேஷனில் ஒரு மருந்து தூங்க வைக்கும். இன்னொன்று தசைகளைக் கட்டிப்போடும். மூச்சைக்கூட மெஷின்தான் கொடுக்கும். அன்று தூக்க மருந்து தீர்ந்துபோனதை யாரும் பார்க்கவில்லை. மேஜையில் படுத்திருந்த அம்மாவால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை. நாடி ஏறிக்கொண்டே போனது, கண்ணோரம் நீர் வழிந்தது.

"சார், முழிச்சிருக்காங்க" என்றேன்.

"நீ டாக்டரா?" என்று டாக்டர் சிரித்தார்.

மறுநாள் அந்த அம்மா, ஆபரேஷன் நடுவே டாக்டர் நம்ம பக்கத்து அனுமந்தை ஊர் மீன்குழம்பைப் பற்றிப் பேசியதை அப்படியே சொன்னார். கனவு என்று எல்லோரும் சமாளித்தார்கள். "கனவு இல்லம்மா, நெஜம்தான்" என்று நான் சொன்னேன். அதற்குத்தான் என்னை மன்னிப்பு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். நடந்ததை நேரம் குறித்து எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விசாரணை.

உப்பள முதலாளி முன்னால் நீங்கள் கைகட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள்தான். எனக்கும் பயம் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கண்ணீரைப் பார்த்தது நான்.

சனிக்கிழமை மரக்காணம் வருகிறேன். வேலை போயிருந்தால் திங்கட்கிழமை உங்களோடு உப்பளத்துக்கு வருவேன். எனக்கும் உப்பு வாரும் பலகை ஒன்று எடுத்து வையுங்கள்.

வாயைத் திறந்துவிட்ட
உங்கள் மகள்