ஒன்பது தடவை நின்ற பாட்டு

என் தங்கைக்கு, அக்கா எழுதுவது.

சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. உன் போனை உன் புருஷன் நோண்டுகிறான் என்பதால் இதை நீ வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு. அங்கே உன்னோடு இருக்கும் நர்ஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே. உன் மாமாவுக்கு இருமல் தேவலை.

சின்ன வயதில் நமக்கு ஒரே டேப்ரிக்கார்டர். என் பாட்டா உன் பாட்டா என்று முடியைப் பிடித்துச் சண்டை போடுவோம். இப்போது பாட்டு ஆப்பில் ஒரே கணக்கை இரண்டு வீட்டிலும் வைத்திருக்கிறோம். ஒரு வீட்டில் போட்டால் மற்ற வீட்டில் நின்றுவிடும். போன செவ்வாய் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றது. மறுபடி போட்டேன். மறுபடி நின்றது. நீதான் வம்புக்கு இழுக்கிறாய் என்று நினைத்து, விடுவேனா பார் என்று ஒன்பது தடவை போட்டேன். உன் மாமாவைக் கூப்பிட்டு, "இவ இன்னும் மாறவே இல்ல" என்று சிரித்தேன்டி.

அக்கம்பக்கம் கேட்காமலிருக்க அவன் பாட்டை அலறவிட்டுத்தான் அடிப்பானாமே. ரேடியோ காலத்தில் சத்தம் கூட்ட ஒரு கையாவது வேண்டும். இப்போது வாயால் சொன்னால் ஸ்பீக்கர் கேட்கிறது. இரண்டு கையும் அவனுக்கு மிச்சம். பாட்டு நின்ற ஒவ்வொரு தடவையும், நீதான் ஏதோ செய்து நிறுத்தினாய் என்று உன் தலையைச் சுவரில் மோதினானாம். கடைசியில் உன் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினானாம். மூன்று விரல் முறிந்ததாம். ஒன்பது தடவையும் அழுத்தியது நான்தான்.

பாட்டு நின்ற நேரத்தில் நீ அலறியது கேட்டு மேல்வீட்டுக்காரர் ஓடிவந்தாராம். "வழுக்கி விழுந்துட்டா" என்று அவன் சொல்ல, நீயும் ஆமாம் என்றாயாம். ஏன்டி?

விரலில் கட்டோடே வேலைக்குப் போகிறாயாமே. சனிக்கிழமை உனக்குக் காலை டியூட்டி. முடிந்ததும் வீட்டுப் பக்கம் போகாதே. நர்ஸ் உன்னை பஸ் ஏற்றிவிடுவாள். மாற்றுத்துணிகூட எடுக்க வேண்டாம். இங்கே பஸ் நிலையத்தில் நான் நிற்பேன்.

நீ இறங்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் நான் அங்கே வருவேன். இருபது வருஷமாகக் கறிக்கடையில் வெட்டுகிறவள் நான். வெறுங்கையோடு வர மாட்டேன். என்னை அந்தப் பாவத்தைச் செய்யவிடாதே. நீ நன்றாக இருப்பாய். வந்துவிடு, கண்ணு.

உன் அக்கா