லோரி இல்லாத ரோடு

மேரு, கிள்ளான்
ஞாயிறு மாலை

அன்பு மகள் தாமரைக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் வலது முட்டியை மட்டும் இதில் சேர்க்காதே. நீயும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் அம்மா, "எழுதிக் குடுங்க, எழுதும்போதாவது சத்தம் போடாம இருப்பீங்க" என்று சொல்லிவிட்டாள். மாரியாயி அக்கா மகன் பிரவின் லீவு முடிந்து புதன்கிழமை நீ இருக்கும் அயர்லாந்துக்குத் திரும்புகிறான். முறுக்கு, மிளகாய்த்தூளோடு இதையும் அவன் பையில் வைத்து அனுப்புகிறோம்.

முதலில் நீ அனுப்பிய வீடியோவைப் பற்றிக் கேட்கிறேன். நாலைந்து தடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆடு மேய்கிற புல்வெளி, நடுவில் நம் வீட்டு கேட் அகலத்துக்கு ஒரு பாதை, அதில் நீ ஹெல்மெட் போட்டுக்கொண்டு சிரித்தபடி சைக்கிளில் போகிறாய். அது பழைய ரயில் பாதையாம், தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். ரயில் வேண்டாம் என்று ஓர் ஊர் சொல்லுமா? சரி, அது அவர்கள் பாடு. காரும் கிடையாது, மோட்டர் சைக்கிளும் கிடையாது, லோரியும் கிடையாது என்கிறாய். அப்படியென்றால் வழியில் நீ நின்று டீ குடித்தாயே, அந்தக் கடைக்குப் பாலும் ரொட்டியும் எப்படி வந்தது? நீ தங்கிய வீட்டுக்குச் சமையல் கேஸ் தோம்பை யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள்? இதையெல்லாம் விடப் பெரிய குழப்பம் உன் துணிப்பை. அதை ஒரு கம்பெனிக்காரன் வேனில் ஏற்றி அடுத்த ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடுவானாம். அப்போது வேன் ஓடுகிறதே! அந்தப் பக்கம் எங்கேயோ ஒழுங்கான ரோடு ஒன்று இருக்கிறது, அதில் பை சொகுசாகப் போகிறது, பைக்குச் சொந்தக்காரி மட்டும் காற்றை எதிர்த்து மிதித்துக்கொண்டு போகிறாள், அதற்குக் காசும் கொடுக்கிறாள். பையோடு நீயும் ஏறி உட்கார்ந்தால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் அடுத்த காயை எடுத்து நறுக்கினாள். இன்னொன்று, வீடியோ முழுக்க ஒரு மனிதரைக் காணோம். ஆள் இல்லாத ரோட்டில் போகாதே, நாலு வண்டி ஓடுகிற பக்கமாகப் போ என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். விழுந்தால் யார் தூக்குவார்கள், எவனாவது வழி மறித்தால் யாரைக் கூப்பிடுவாய்? நீயோ யாருமே இல்லாததுதான் அழகு என்கிறாய். எனக்குப் பிடிபடவே இல்லை.

ஆனால் நான் இரண்டு வாரமாக உனக்குப் பதில் போடாமல் இருந்ததற்கு இது காரணம் இல்லை. கோபம்தான் காரணம், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் எடுத்த எடுப்பிலேயே, "அப்பா, லோரி இல்லாத ரோடு ஒன்னு கண்டுபுடிச்சிட்டேன்பா" என்கிறாய். ஜூன் மாதம் நீங்கள் ரெண்டு பேரும் வாங்க, மூன்று பேரும் சேர்ந்து ஓட்டுவோம், உங்களுக்கு முட்டி வலிக்காமல் பேட்டரி சைக்கிள் எடுத்துத் தருகிறேன் என்று பிறகு சொன்னதெல்லாம் என் காதில் ஏறவே இல்லை. முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் ஏற்றி இறக்கி, ஜோகூர் பினாங்கு என்று இரவு பகல் பார்க்காமல் லோரி ஓட்டிய ஆள் நான். நீ பார்மசி படித்தது அந்த லோரியில்தான். அது இல்லாத ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நீ குதிப்பதைக் கேட்டதும், கொசு இல்லாத வீடு கிடைத்த மாதிரி அல்லவா பேசுகிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. முட்டி வலி, பாஸ்போர்ட், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அம்மாவிடம் சாக்குச் சொன்னேன். அவள் என்னைக் கேட்காமலேயே "வரோம்மா" என்று உனக்குச் சொல்லி முடித்துவிட்டாள். இந்த வீட்டில் யார் ஓட்டுநர் என்றே எனக்கு இப்போது தெரியவில்லை.

அம்மா செய்கிற கூத்தை அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், நான் சொல்கிறேன். பிறந்ததிலிருந்து சைக்கிளைத் தொடாதவள், பக்கத்து வீட்டு வள்ளியம்மாவைப் பிடித்துக்கொண்டு தினமும் காலையில் நம் தாமான் வீடுகளுக்கு நடுவில் இருக்கும் திடலில் பழகுகிறாள். வள்ளியம்மா சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறாள், இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, காலில் நீலம் பாய்ந்திருக்கிறது, தைலம் தேய்க்க மட்டும் என்னைக் கூப்பிடுவாள். வேண்டாம்லா மாதவி, இந்த வயதில் எலும்பு உடைந்தால் ஒட்டாது என்று சொன்னேன். "ஒங்க முட்டி ஒடையாமலேயே ஒட்டாம இருக்கே" என்றாள். இப்போது நேராகப் போகிறாள், திரும்பத்தான் வரவில்லை. உன் பாதை நேராகவே போகுமா, வளையுமா என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

இன்று காலை அவளும் வள்ளியம்மாவும் சேர்ந்து என்னைக் கோலாலம்பூருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்குள் ரோட்டை மறித்து, வண்டிகளை நிறுத்தி, சைக்கிளுக்கும் ஓடுகிறவர்களுக்கும் விடுகிறார்கள். காரை பிரிக்ஃபீல்ட்ஸில் போட்டுவிட்டுப் போய், வாடகை சைக்கிள் எடுத்தோம். ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் நான் எத்தனை தடவை ஜாமில் மாட்டி ஸ்டியரிங்கைக் குத்தியிருப்பேன், அதே ரோடு காலியாகக் கிடக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டும் அல்லவா, எனக்கோ பழைய பழக்கம் விடவில்லை. இடது பக்கக் கண்ணாடியைத் தேடுகிறேன், கண்ணாடி இல்லை. ஹார்ன் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டுகிறேன், குருவிச் சத்தம் வருகிறது. சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது, காலை ஊன்றி நின்றுவிட்டேன். என்னைத் தாண்டி எல்லோரும் போகிறார்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள்கூடப் போகிறார்கள், நான் மட்டும் பச்சைக்குக் காத்திருக்கிறேன். காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பெண், "ஜாலான் லா பாக்சிக், கெரெத்தா தாடா" என்று கையைக் காட்டினாள். வண்டி எதுவும் இல்லை, போங்கள் என்கிறாள். நான் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன் தாமரை. அப்போது என்னைத் தாண்டி ஆடி ஆடி ஒரு சைக்கிள் போனது, யார் என்று பார்த்தால் உன் அம்மா. நிறுத்தத் தெரியாததால் போய்க்கொண்டே இருக்கிறாள். சிவப்பாவது பச்சையாவது என்று நானும் பின்னால் மிதித்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பி வந்து தோசை சாப்பிடும்போதுதான், இந்தப் பெண்ணுக்கு லோரி மேல் என்ன இவ்வளவு வெறுப்பு என்று அம்மாவிடம் வாய்விட்டுக் கேட்டேன். அவள் கையில் எடுத்த தோசையை அப்படியே வைத்துவிட்டாள். "நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்கன்னு ஒங்களுக்கு ஞாபகமே இல்லையா?" என்றாள். எனக்கு இல்லை. பிறகு அவளே சொன்னாள். உனக்குப் பன்னிரண்டு வயது, பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகிறேன் என்று ஒரு வாரம் அழுதாய். நான் கூட்டாளி பிள்ளையின் சைக்கிளை வாங்கி லோரிக்கு இடது பக்கத்தில் நிறுத்திவிட்டு, உன்னைத் தூக்கி ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, கண்ணாடியில் சைக்கிள் தெரிகிறதா பார் என்றேன். தெரியவில்லை என்றாய். அதுவரை எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ கேட்டது மறந்தே போயிருந்தது. "அப்ப லோரி இல்லாத ரோடுன்னா ஓட்டலாமாப்பா?" என்று கேட்டாயாம். இந்த மேருவில் ஃபேக்டரி வாசலும் லோரியும் இல்லாத தெரு ஏது, பேச்சை முடிக்க வேண்டும் என்று, "அப்படி ஒரு ரோட்டக் கண்டுபுடிச்சிட்டு வந்து சொல்லு, நானே கூட வந்து ஓட்டுறேன்" என்றேனாம். நீ அதோடு அழுகையை நிறுத்திவிட்டாயாம். இத்தனை வருஷம் கழித்து நீ கண்டுபிடித்து வந்து சொன்னால், நான் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.  வள்ளியம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சட்னி காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அது தேங்காய்ச் சட்னி.

அதற்காக அன்று நான் சொன்னது தப்பு என்று நினைக்காதே. இன்றைக்கும் மேரு ரோட்டில் உன்னை ஓட்ட விடமாட்டேன். லோரியில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். ஆனால் அம்மா, ஆள் இல்லாத ரோட்டில் நடக்காதே என்கிறீர்கள், லோரி ஓடுகிற ரோட்டில் சைக்கிள் ஓட்டாதே என்கிறீர்கள், "பின்ன அவ எங்கதான் போவா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அந்த ஆட்டுக்காரர்கள் ஊரில் ரொட்டி எப்படிக் கடைக்கு வருகிறது என்பதும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. வந்து பார்த்துக்கொள்கிறேன். ஆமாம், வருகிறோம். நாளைக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போகிறேன், நீ அந்த பேட்டரி சைக்கிளைச் சொல்லி வை.

சாமி புண்ணியத்தில் கை கால் சுகத்தோடு, மனக்குறை இல்லாமல், நல்லவர்கள் சூழ நீ நீண்ட காலம் வாழ வேண்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்திருக்கிறது. குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே, முறுக்கைக் காற்றுப் போகாத டப்பாவில் போட்டு வை. ஒன்றை மறந்துவிட்டேன். இன்று வீடு திரும்பும் வழியில் கிள்ளானில் ஒரு சைக்கிள் கடையில் கைப்பிடியில் மாட்டுகிற கண்ணாடி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. உனக்கு வாங்கவில்லை. நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து உன் பின்னால் என்ன வண்டி வருகிறதோ என்பதுதான் எனக்குப் பயம். அங்கே நீ முன்னால் போ, அம்மா நடுவில் வரட்டும். கடைசியில் வருவது அப்பாதான். நீ திரும்பிப் பார்க்காமல் ஓட்டு.

உன் அப்பா,
சுகுமாறன்