முன்பக்கம் இரண்டு விரல் இறங்கிய வண்டி

என்னை வளர்த்த பாப்பா அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம். போன வாரம் சிக்னலில் கால் எட்டாமல் வண்டியோடு சாய்ந்துவிட்டேன். அடி இல்லை, மானம்தான் சிராய்த்தது. நீ வருவதற்குள் வண்டியின் உயரத்தைக் குறைக்க, முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாய்களையும் அறை வாசலில் வைத்து நானே கழற்ற ஆரம்பித்தேன். முட்டுக் கொடுக்காமலே இரண்டு பக்க போல்ட்டையும் தளர்த்தியதில் வண்டி தொப்பென்று குனிந்தது.

“கால்ல விழுதுண்ணே, ஆசீர்வாதம் பண்ணுங்க” என்றார் பக்கத்து அறை வெல்டர்.

அப்புறம் கட்டையை முட்டுக் கொடுத்து, முன்பக்கம் இறங்கி நிற்க, இரண்டு குழாயையும் ஒரே அளவாக இரண்டு விரல் மேலே ஏற்றி முறுக்கினோம். இப்போது பாதம் முழுசாகத் தரையில் ஊன்றுகிறது! வெள்ளிக்கிழமை நீ வந்து இறங்கியதும் உன் பெட்டி டாக்சியில் வரட்டும், நீ என்னோடு வண்டியில் வா. என் பழைய போர்வையையும் எடுத்து வா. வேலைக்கு நேரமாகிவிட்டது, இன்னும் ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

“ஒரு ஆளை ஏத்தவா இவ்வளவு பாடு?” என்று வெல்டர் கேட்டார். சிரித்து வைத்தேன். ஆறு வருஷமாக அந்தப் பின் சீட்டில் யாரையும் ஏற்றவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.