நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கம்

பெம்பான்,
ஜூன் 12, வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

ராகினி எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். திலீப் அங்கிள் நாளை லோரியில் சிங்கப்பூர் போகிறார். அம்மா கொடுத்துவிடும் இரண்டு சட்டைக்கும் முறுக்குப் பொட்டலத்துக்கும் நடுவில் இது இருக்கும். அம்மாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், என்னால் எதையும் சொல்ல முடிவதில்லை.

சமையலறைக் கூரை மறுபடி ஒழுகுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறோம். சரித்திரப் பாடத்தில் எனக்குத் தொண்ணூற்றிரண்டு. என் நோட்டை வகுப்பில் ஐந்து பேர் போட்டோஸ்டாட் எடுத்தார்கள். நான் எழுதினால் ஆசிரியரே தேவையில்லை என்று ஷாமினி சொன்னாள். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

போன ஞாயிறு நீங்கள் அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். அங்கே துவாஸ் கிடங்கில் இரண்டு வருடக் கான்ட்ராக்ட் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள், நான் இழுத்துக்கொண்டு இருக்கிறேன், அதற்குள் பத்து பெரண்டாம் பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள் என்று சொன்னீர்கள். அவர்களுடைய அந்தக் கம்ப்யூட்டர் மிஷின் நான் இல்லாமல் எத்தனை நாள் ஓடும் லா என்று சிரித்தீர்கள். அம்மாவும் சிரித்தார். நான் எழுந்து வாளித் தண்ணீரைக் கொட்டப் போனேன். வாளி பாதிகூட நிறையவில்லை.

அப்பா, அந்த மிஷின் நின்றது. உங்களைக் கூப்பிடவும் இருந்தார்கள். நான்தான் கெடுத்துவிட்டேன்.

மே மாதம் பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு வந்து சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வேலைக்குப் போயிருந்தார். உங்கள் பழைய கம்பெனி உஷாந்தி அக்கா வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே கூப்பிட்டார். அழுத முகம். மூன்று நாளாக டெலிவரி ஆர்டர் ஒன்றும் அடிக்க முடியவில்லை, பதினொரு லோரி வாசலில் நிற்கிறது, மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைத்தான் திட்டுகிறார், நான் வெறும் கிளார்க், எனக்கு என்ன தெரியும் என்றார். உனக்கு அப்பா வேலை கொஞ்சம் தெரியுமே, வந்து பார்த்துவிட்டுப் போயேன் என்றார்.

கம்பெனியிலிருந்து நம் வீட்டுக்கு மூன்று தடவை போன் செய்ததும், அவரிடமே நேரில் பேசுங்கள் என்று அம்மா நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி வைத்துவிட்டதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். நான் சரி செய்தால், தனபாலன் மகளுக்கே இவ்வளவு தெரிகிறதே, அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று அவர்களுக்கு உறைக்கும் என நினைத்தேன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் காரில் ஏறினேன்.

உங்கள் அறையைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரும். உங்களைப் பேக்கிங் பகுதிக்குத் தள்ளி, நீங்களும் வேலையை விட்டுப் போன பிறகு அங்கே புது மேசைகள் போட்டிருக்கிறார்கள். வயர்களையெல்லாம் அளவாக வெட்டிச் சுவரோரம் கிளிப் அடித்திருந்தார்கள். எந்த வயர் எந்தத் துளையில் இருந்தது என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. பிரிண்டர் தாள் தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது. எல்லாத் தாளிலும் login என்ற ஒரே சொல். ஸ்டோரில் இருக்கும் திரையோ இருட்டு. பிரிண்டருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வாசல் காவலாளி சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பிரிண்டரைத் திரைக்கான துளையில் செருகிவிட்டார்கள், திரையைப் பிரிண்டருக்கான துளையில். யாரோ ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து மிஷின் அந்தப் பிரிண்டரிடம் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது.

நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த தடித்த யூனிக்ஸ் கையேட்டை நான் ஒன்பது வயதில் படிக்கத் தொடங்கியது வீட்டில் வேறு புத்தகம் இல்லாததால்தான். ஹாலில் நீங்கள் வைத்திருந்த பச்சை எழுத்துத் திரையில் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தது விளையாட்டுக்குத்தான். தொடாதே, ஷாக் அடிக்கும் என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பார். அது இப்படி ஒரு நாள் உதவும் என்று நான் நினைத்ததில்லை.

வயரை மாற்ற நீளம் போதவில்லை. ஆகையால் மிஷினுக்குள்தான் மாற்ற வேண்டியிருந்தது. நீங்கள் போகும்போது உறையில் ஒட்டிக் கொடுத்த ரூட் பாஸ்வேர்டு மேனேஜர் சுதர்ஷனின் மேசையில் அப்படியே இருந்தது. உள்ளே போன பிறகு என்ன தட்டுவது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. முதலில் disable போட்டு, பிரிண்டர் இருந்த துளையில் பெயர் கேட்பதை நிறுத்தினேன். தாள் துப்புவது நின்றது. பிறகு lpadmin கொண்டு, பிரிண்டர் இனி இந்தத் துளையில்தான் இருக்கிறது என்று மிஷினுக்குச் சொன்னேன். அடுத்து திரை இருந்த துளைக்கு enable. திரை விழித்தது, ஆனால் எழுத்தெல்லாம் கிறுக்கல். வேகம் பொருந்தாவிட்டால் இப்படி வரும் என்று கையேட்டில் படித்தது நினைவு வந்தது. இரண்டு பக்கமும் 9600 வைத்தேன். கிறுக்கல் போய்விட்டது.

ஐந்து மணிக்கு முதல் டெலிவரி ஆர்டர் வந்தது. லோரிக்காரர்கள் கை தட்டினார்கள். அப்பா, நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன்.

சுதர்ஷன் எனக்கு மைலோ வாங்கி வரச் சொன்னார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். நீ நன்றாக எழுதுவாய் என்று உஷாந்தி சொன்னாள், என்ன செய்தாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போம்மா, சும்மா ரெக்கார்டுக்கு என்றார். இதற்கு முன்பு இருந்த மேனேஜர் இதையே உங்களிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார். எல்லாம் தலையில் இருக்கிறது சார் என்பீர்கள். அப்பாவுக்கு எழுதச் சோம்பல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு பக்கம் எழுதினேன். ரூலர் வைத்துக் கோடு போட்டேன். எட்டுத் துளைக்கும் படம் வரைந்து எண் கொடுத்தேன். புதிதாக ஒரு திரை சேர்ப்பது எப்படி, பிரிண்டர் நின்றால் முதலில் எதைப் பார்ப்பது, வரிசையில் தேங்கியதை எப்படி அழிப்பது எல்லாம் எழுதினேன். அவர் கேட்காததைக்கூட எழுதினேன். கடைசியில் உங்கள் பெயரையும் போட்டேன். தனபாலன் அவர்களின் முறைப்படி என்று.

அதற்குப் பிறகு அவர்கள் நம் வீட்டுக்குப் போன் செய்யவில்லை. அம்மா மட்டும் இன்னும் போனை அரிசி டின் மேலேயே வைத்திருக்கிறார், சமைக்கும்போது காதில் விழட்டும் என்று.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப்பில் உஷாந்தி அக்காவைப் பார்த்தேன். கார் வொர்க்‌ஷாப்பில் இருக்கிறதாம். என் நான்கு பக்கத்தையும் லேமினேட் செய்து மிஷின் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்களாம். உன் எழுத்து அவ்வளவு தெளிவு, எனக்கே புரிந்துவிட்டது, இப்போது நானே செய்கிறேன் என்றார். என்னைப் பாராட்டத்தான் சொன்னார். அப்பாவை எப்போது கூப்பிடுவார்கள் அக்கா என்று கேட்டேன். இனி தேவையில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள் என்றார். அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் சுதர்ஷன் உங்கள் சிங்கப்பூர் முகவரியை வாங்கியிருக்கிறாராம். மறுநாள் உங்களைப் பார்த்து, பழைய வேலையையே கொடுத்துக் கூட்டி வரக் காருக்குச் சொல்லியிருந்தாராம். மாலையில் கார் வேண்டாம் என்றுவிட்டாராம்.

தெரிந்துதான் என்னைக் கூட்டிப் போனீர்களா என்று கேட்டேன். பஸ் வருகிறதா பார் என்றார்.

அவர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அவரைத் திட்டினார்கள், அவர் அழுதார், அவ்வளவுதான். சுதர்ஷன் மேல் கோபம் இருக்கிறது. அவரை என்னால் என்ன செய்ய முடியும்? அந்தப் பக்கங்களைக் கிழித்தாலும் உஷாந்தி அக்காவுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். புரியாதபடி எழுத எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பள்ளியில் அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அப்பா, அவர்கள் கூப்பிட மாட்டார்கள். இதை இன்னும் எவ்வளவு நாள் கழித்துச் சொன்னாலும் இதுதான். நீங்கள் அங்கே இழுத்துக்கொண்டே இருந்து துவாஸ் வேலையும் போய்விட்டால் அதுவும் என்னால்தான் என்று ஆகிவிடும். முதுகுவலியோடு பெட்டி தூக்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடம் என்றால் நான் எஸ்.பி.எம். பரீட்சை எழுதி முடித்திருப்பேன் என்றும் தெரியும். இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கம்பெனி கூப்பிட்டது, நான்தான் வேண்டாம் என்றேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மா உங்களோடு சண்டை போடுவார். அது பரவாயில்லை, போனை டின் மேலிருந்து எடுத்துவிடுவார்.

இந்த ஞாயிறு நீங்கள் பேசும்போது நான் பக்கத்தில்தான் இருப்பேன். கடிதம் கிடைத்தது என்று சொல்ல வேண்டாம். என்னைக் கேட்காமல் மட்டும் போனை வைத்துவிடாதீர்கள். ராகினி எங்கே, சாப்பிட்டாளா என்று எப்போதும்போல ஒரு தடவை கேளுங்கள்.

உங்கள் மகள்,
ராகினி